அட்டை

டிஸ்பென்சரி வாசலில் ஒன்பது பேர்.
ஒன்பது பேர் கையிலும் கிளினிக் அட்டை.
ஒன்பது பேர் காலிலும் சவர்க்காரம் காய்ந்த வெள்ளை,
மற்ற அட்டை ஏறாமலிருக்க.

மஸ்கெலியாவில் மூன்றாம் நாளாக மழை.
பேராதனையிலிருந்து ஒரு பெட்டி கொண்டு வந்திருக்கிறேன்.
பெட்டிக்குள் ஊசி இல்லை.
இதைத்தான் முதலில் சொல்லச் சொன்னார்கள்:
ஊசி இல்லை, இரத்தம் இல்லை, வலி இல்லை.
சொன்னேன்.
யாரும் சந்தோஷப்படவில்லை.

இரண்டு ரூபாய்க் குற்றியளவு ஒரு வட்டம்.
தோலில் ஒட்டினால் மெல்ல உறிஞ்சும்.
இரத்தத்தையல்ல;
இரத்தத்துக்கும் தோலுக்கும் நடுவே
கசிந்து நிற்கும் ஒரு தண்ணீரை.
பீலி வைக்குமுன் கல்லிடுக்கில்
ஊறிக் கிடக்கிறதே, அந்த மாதிரி.
அதிலும் சர்க்கரை தெரியும்.

முதலில் புவனமலர். கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம்.
கையை நீட்டினாள்.
முழங்கை வரை தேயிலை வாது கீறிய கோடுகள்,
பழையதன் மேல் புதியது.
இதைச் செய்தவர்கள்
எந்தக் கையில் ஒட்டிப் பார்த்தார்களோ.
இருபது நிமிடம் கழித்துத் திரையில் எழுத்து:
மாதிரி போதாது.

வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாது.
வரிசையே சிரித்தது.
"மடுவத்துத் தராசும் அதத்தான் சொல்லும்.
பதினாறு கிலோவுக்கு அரைப்பேர்.
இப்ப ஒடம்புத் தண்ணியும் நெறை பத்தலையா?"

சுடுதண்ணீர்ப் போத்தலால் சூடாக்கி
இன்னொரு வட்டம் ஒட்டினேன்,
மேல்கையின் உட்புறம்,
வெயிலும் வாதும் எட்டாத இடத்தில்.
அங்கே மட்டும் அவளுக்கு வயது இருபது.

"எப்ப எடுக்கத் தொடங்குவீங்க?"
"எடுத்துக்கிட்டிருக்கு."
"ஒண்ணும் தெரியலையே."
"தெரியாது."
"வலிக்காம எடுக்கிறத நான் நம்ப மாட்டேன், மிஸ்.
காலையில ஆறாம் நம்பர் மலையில
ஒருத்தன் அப்பிடித்தான் எடுத்தான்.
வயிறு நெறைஞ்சு அவனா விழுந்த பொறகுதான் பார்த்தேன்."

படங்கை விலக்கிக் காட்டினாள்.
கணுக்காலுக்கு மேலே மூன்று சின்னக் கீற்று.
அதிலிருந்து ஒரு சிவப்பு நூல்
நிற்காமல், அவசரமும் படாமல்
சிமெந்துத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
"இதுல பார்க்க ஏலாதா?
சும்மாதானே போவுது."

படிவத்தில் பதினான்கு கட்டம்.
அட்டை திறந்துவிட்ட இரத்தத்துக்குக் கட்டம் இல்லை.
கூடாதென்றும் எங்கும் இல்லை;
எழுதியவர்களுக்கு மஸ்கெலியா தெரியாது.
மேசை லாச்சியில் பழைய குளுக்கோமீட்டர்,
காலாவதிக்கு இரண்டு வாரமே மிச்சமுள்ள பட்டி.
குனிந்து
அந்த நூலின் நுனியைத் தொட்டெடுத்தேன்.
இருநூற்று எண்பத்தொன்று.

அதற்குள் வட்டமும் முடித்துவிட்டது.
திரையில் இருநூற்று எழுபத்தாறு.

ஐந்துதான் வித்தியாசம்!
கருவி வேலை செய்கிறது!
பேராசிரியையிடம் சொல்ல
மனதுக்குள் வசனம்கூடத் தயார்.
பிறகுதான் உறைத்தது
எண் யாருடையதென்று.

"என்னா மிஸ், இந்தத் தடவ நெறை சரியா?"

"கூட," என்றேன். "ரொம்பக் கூட."

தராசில் அவளுக்கு ஏதோ
கூடுதலாய் விழுந்துவிட்டதைப் போல
வரிசை மறுபடி சிரிக்கத் தொடங்கி,
என் முகத்தைப் பார்த்து நிறுத்தியது.

கொடுக்க என்னிடம் மாத்திரை இல்லை.
நான் எடுக்க மட்டும் வந்தவள்.
வியாழக்கிழமை, டிக்கோயா ஆஸ்பத்திரி
என்று அவள் அட்டையில் எழுதினேன்.
வட்டத்தை உரித்த இடத்தில் சிவப்பு வளையம்.
விரலால் அதைச் சுற்றி வந்தாள்.
"வியாழன் போனா அன்னைக்குப் பேர் இல்ல,"
என்றாள், என்னிடமல்ல, வளையத்திடம்.

காலில் நூல் இன்னும் நின்றபாடில்லை.
பஞ்சு நீட்டினேன்.
வெற்றிலைச் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு
மலைக்கு நடந்தாள்.

அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள்.
கேட்காமலே,
கையை மடியில் வைத்துக்கொண்டு
காலை நீட்டினாள்.