எடுக்குமுன் வந்த முடிவு

கதை சொல்கிறவருக்கு உம் கொட்ட ஆள் வேண்டும்.
புந்தா அரேனாஸ் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
அந்த வேலைக்குத்தான் என் மென்பொருள்.

இரத்த அணுக்களை எண்ணும் கருவி
"இருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கும்.
பிறகு வரிக்கு வரி உம் வேண்டும்.
வராவிட்டால் அதே வரி மறுபடி, ஆறு தடவை வரை,
அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
சிறுநீர் பார்ப்பது வாயே திறக்காது,
மொட்டைக் கடிதம்போல ஒரு கோப்பைச் செருகிவிட்டுப் போகும்.
உப்புகளை அளக்கும் கிழட்டுக் கருவிக்கு
ஊரில் எங்கும் வயர் கிடைக்காமல்
உடைக்கப்போட்ட படகின் ரேடார் பெட்டியிலிருந்து
பிடுங்கி வந்தேன், ஒன்பது ஊசியில் ஒன்று வளைந்தது.

யார் எப்படிச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும்.
நிபந்தனை ஒன்றே ஒன்று, எழுதிய அன்று
எனக்கு நானே பீர் வாங்கிக் கொடுத்தேன்:
எடுக்காத இரத்தத்தின் முடிவு ஏற்கப்படாது.

ஏப்ரல் முதல் ஞாயிறு.
நள்ளிரவில் சந்தியாகோ தன் கடிகாரத்தை
ஒரு மணி நேரம் பின்னே தள்ளியது.
தெற்கே நாங்கள் தள்ளுவதில்லை.
உப்புக் கருவிக்கு அது தெரியாது;
பொருத்திவிட்டுப் போனவர் சந்தியாகோக்காரர்.

எலிசேயோ பார்ரியா, நண்டுப் படகுக்காரர்,
நீரிணையைக் கடந்து வந்து படுத்திருந்தார்.
இரத்தம் எடுத்தது மூன்று பத்துக்கு.
பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று.
முடிவின் நேரம், இரண்டு முப்பத்தொன்று.
என் மென்பொருள் பணிவாக உம் கொட்டியது,
வாங்கிய எண்ணைச் சாம்பல் வரிசையில் வைத்துப் பூட்டியது.
மேல்மாடித் திரையில்: காத்திருக்கிறது.

யாஸ்னா திரையைப் பார்க்கவில்லை.
கருவியின் பக்கவாட்டில் நாக்கு நீட்டும் காகிதச் சுருளைப் பார்த்தாள்.
(தண்டச் செலவு, நிறுத்துங்கள் என்று
மூன்று முறை எழுதியிருந்தேன்.)
கிழித்தாள். மின்தூக்கிக்கு நிற்கவில்லை.
மூன்று மாடி, காலில் ரப்பர் செருப்பு.

எலிசேயோ பிழைத்துக்கொண்டார்.
மறுநாள் சூப்பில் உப்பே இல்லை என்று
செவிலியரிடம் சண்டையாம்.

நான் ஒரு வரியைத் திருத்தினேன். நாலு நிமிட வேலை.
யாஸ்னா எதுவும் கேட்கவில்லை,
அந்தத் துண்டை என் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.
வெப்பக் காகிதம், எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.
ஏழு மட்டும் இன்னும் தெரிகிறது.

புதிய சுருள்கள், இருபது,
வாங்கச் சொல்லி இன்று கையெழுத்துப் போட்டேன்.