எஸ்டிமேட்

எந்த ஹாலையும் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்:
இத்தனை பெட்டி, இத்தனை மூட்டை,
உடைசலுக்கு நூற்றுக்கு அஞ்சு.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய
அந்த மாடிவீட்டில் மட்டும் வாயடைத்துப்போனேன்.

நாலங்குலக் கல். கறுப்பு, வெள்ளை.
குறுக்கே நாற்பத்தொன்று, நீளத்துக்கு அறுபது வரிசை.
டிசைன் எங்கே என்றேன்.
பர்வீன் டீச்சர் பூசாத சுவரில் பென்சிலால் எழுதினார்:

உச்சி வரிசையில் நடுக்கல் மட்டும் கறுப்பு.
அப்புறம் ஒவ்வொரு கல்லுக்கும் மேலே பார்.
நேர் மேலே இருப்பவனோ
அவன் வலத்துக்காரனோ கறுப்பென்றால்
இடத்துக்காரனுக்கு எதிர் நிறம்.
ரெண்டு பேரும் வெள்ளையென்றால்
இடத்துக்காரன் நிறமே.

சுவருக்கு அந்தாண்டை?
"வெள்ளைன்னு வெச்சுக்கோ."
சுவருக்கு அந்தாண்டை வஞ்சிரம் பொரியும் வாசனை,
யாரோ மிக்ஸியைப் போட்டு, நிறுத்தி, போட்டு.
சரி, வெள்ளை.

கறுப்பு எத்தனை வாங்க?
"போட்டாத்தான் தெரியும்."
கம்ப்யூட்டரைக் கேளுங்களேன்.
"அதுவும் வரிசை வரிசையாப் போட்டுத்தான் சொல்லும்.
உனக்கு வலிக்கிற முட்டி அதுக்கு இல்ல, அவ்ளோதான்.
எனக்கு முன்னாடியே தெரிய வேணாம்."

ஒரு கறுப்பு. அடுத்து மூணு.
அதற்கடுத்து ரெண்டு கறுப்பு, ரெண்டு வெள்ளை, ஒரு கறுப்பு.
ஏழாவது வரிசைக்குள் ரெஜினா
நான் கை நீட்டுமுன் நிறத்தை எடுத்துவைத்தாள்.
இடது ஓரம் சீப்பால் வாரியதுபோல் சாய்கோடுகள்.
நடுவில் அந்த ஒழுங்கு செல்லவில்லை:
தலைகீழாய்த் தொங்கும் வெள்ளை முக்கோணங்கள்,
சின்னது, சின்னது, திடீரென்று பெரிசு.
நான் வரையவில்லை.
டீச்சரும் வரையவில்லை.
மேலே மூணு கல்லைப் பார்த்தேன்,
கீழே ஒன்று வைத்தேன்.

பத்தொன்பதாம் வரிசையில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது.
கேட் முக்கால் மணி நேரம் மூடல்.
மகனுடைய ஸ்கூல் வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாக
ரெஜினாவுக்கு போன்.
ஹாரன் சத்தத்தில் நடுவிலிருந்து வலப்பக்கம் ஆறாவது கல்
வெள்ளைக்குக் கறுப்பாய் உட்கார்ந்தது.

நாலாம் நாள் ஈரத்துணியால் துடைக்கையில் கண்டேன்.
அதற்குள் நாற்பது வரிசை.
பெட்டி அட்டையைக் கிழித்துக் கட்டம் கட்டி
சரியாக வந்திருக்க வேண்டியதை எழுதிப் பார்த்தேன்.
வலப்பக்கம் அது மூச்சே வாங்கவில்லை:
வரிசைக்கு ஒரு கல், வரிசைக்கு ஒரு கல்,
முப்பத்துமூன்றில் சுவரைத் தொட்டிருந்தது.
இடப்பக்கம் தயங்கியது. நாலு வரிசை நின்று ஒரு கல்,
பின்வாங்கி, மறுபடி ஒரு கல்,
கடன்காரன் கடையைத் தாண்டுகிறவன் மாதிரி.

உடைச்சிடவா, கூலியில பிடிச்சுக்கங்க என்றேன்.
டீச்சர் அட்டையையும் தரையையும்
மாறி மாறிப் பார்த்தார்.
"அந்தக் கல்லுக்கு அப்புறம் எங்கயாச்சும் தப்பு இருக்கா?"

ரெண்டு தடவை தவழ்ந்து பார்த்தேன்.
இல்லை.
இருபதாம் வரிசையிலிருந்து ஒவ்வொன்றும்
மேலே இருப்பதைக் கேட்டு
சொன்னபடி உட்கார்ந்திருக்கிறது.

"அப்போ போடு."

வாசல்படியில் அறுபது முடிந்தது.
கறுப்பில் பதினேழு மீதி.
பென்சில் எழுத்தின்மேல் பட்டி பூசியாகிவிட்டது.

இறங்கி வந்தால் கேட் மூடியிருக்கிறது.
நேர் முன்னால் ஷேர் ஆட்டோ, அதன் வலத்தில் தண்ணீர் லாரி,
ரெண்டும் உறுமிக்கொண்டு.
இடப்பக்கத்துக்காரன் இன்ஜினை அணைத்தான்.
விதிப்படி நான் அணைக்கக் கூடாது.
அணைத்தேன்.
அணைத்துவிட்டு
வலப்பக்கம் யாரென்று
திரும்பிப் பார்த்தேன்.