அறுபதுக்கு நாற்பத்தொன்று

பதினான்கு பேர் பார்க்கிறார்கள்.
அதில் ஒருத்தி நானேதான்,
கைப்பேசியில், ஒலியை அணைத்துவிட்டு,
நான் எப்படித் தெரிகிறேன் என்று பார்க்க.

பகலில் தௌகவ்பில்ஸில் டிராம் ஓட்டுகிறேன்.
இரவில் வியாழனின் நிலவொன்றில்
பனிப்பாளம் ஏற்றும் கலத்துக்கு நான் மாலுமி.
தண்டவாளத்தில் ஒருநாளும் திக்கியதில்லை.
இங்கேதான் திக்குகிறேன்.

கலம் இறங்கும்.
கால்கள் பனியைத் தொடப்போகும்.
வெட்டு.
அடுத்த படத்தில் தூசி அடங்கியிருக்கும்.
தொட்ட கணம் மட்டும் யாரிடமும் இல்லை.
மூலையில் சிவப்பாய் ஓர் எண்: 41.

என் வேலையில் அந்தக் கணத்துக்குத்தான் சம்பளம்.
கண்ணாடியில் பார்க்க வேண்டும்,
படியைவிட்ட கால் தரையைத் தொட்டதா என்று.
தொட்ட பிறகுதான் கதவை மூடலாம்.
பத்தொன்பது ஃப்ரேம் போனால் என்ன என்று கேட்பவர்கள்
கதவு மூடிப் பழகாதவர்கள்.

‘இணையம்தான்’ என்றான் ஆர்வீட்ஸ்.
எவனைக் கேட்டாலும் முதலில் இணையம் என்பான்,
பால் சிந்திக் கிடந்தால் பூனை என்பதுபோல.
சரியென்று வைஃபையை விட்டுவிட்டு
கூடத்தின் குறுக்கே பதினைந்து மீட்டர் கேபிள் இழுத்தேன்.
அறைத்தோழி ஜோயா இரண்டுமுறை தடுக்கினாள்,
மூன்றாம் முறை
சூப் கிண்ணத்தோடு தாண்டப் பழகிவிட்டாள்.
பிட்ரேட்டை ஆறாயிரத்திலிருந்து நாலாயிரமாக்கினேன்.
வியாழனின் பனி கஞ்சியானது.
எண் அப்படியே இருந்தது.

அப்போதுதான் இன்னொரு வரியைப் படித்தேன்:
வழியில் தொலைந்தவை, சுழியம்.
அப்படியானால் என் ஃப்ரேம்கள்
வழி தவறிப் போகவில்லை.
பிறக்கவேயில்லை.

இருபத்தேழு தாவல்களை மூடினேன்.
நிழல்களைக் குறைத்தேன்.
நட்சத்திரங்கள்கூடப் பாதிதான் இப்போது.
நூற்றைம்பதில் துள்ளிக்கொண்டிருந்த ஆட்டத்தை
அறுபதுக்குக் கட்டினேன்.
மிச்சச் சக்தியை நேரலை தின்னட்டும்.
தின்றது.
பத்து நிமிடம் எண்ணெயாய் ஓடியது.
மறுபடி 41.

எல்லாரும் பதில் சொன்னார்கள்.
டிரைவரை மாற்று, விண்டோஸை அழித்துப் போடு,
புதுசு வாங்கு (இதைச் சொன்னவன்
என் சம்பளச் சீட்டைப் பார்த்ததில்லை).
லியெபாயாவில் மீன் டப்பா ஆலைக்காரி ஒருத்தி,
‘ஈரக் கையுறை’ என்று பெயர் வைத்திருப்பவள்,
அவள் மட்டும்
ஒரு கேள்வி கேட்டாள்:
எப்போதிலிருந்து?

பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
அக்டோபர் ஒன்பது, நன்றாயிருந்தேன்.
பதினொன்று, திக்குகிறேன்.
பத்தாம் தேதி என்ன நடந்தது?

பத்தாம் தேதி கட்டடத்துக்கே திருவிழா.
குழாய்கள் இருமின, முனகின,
ஐந்து மாடிக்கும் வெந்நீர் ஏறிற்று.
ஜோயா ஸ்வெட்டரைக் கழற்றிச் சுழற்றினாள்.
ஆகஸ்டில் இடமில்லையென்று
நான் சுவரோரம் தள்ளிய கணினிப் பெட்டி
ரேடியேட்டரில் முதுகு சாய்த்து
எண்பத்தொன்பது டிகிரியில்
வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்
மெதுவாக நடந்துகொண்டிருந்தது.

வெந்ததைக் கண்டுபிடிக்க
பிறந்ததையும் தொலைந்ததையும் எண்ணியிருக்கிறேன்,
மூன்று வாரம்.

இப்போது பெட்டி ஜன்னல் விளிம்பில்.
ஒரு விரற்கடை திறந்திருக்கிறது ஜன்னல்.
வெளியே நவம்பர், மைனஸ் நாலு.
ஜோயா பேசுவதை நிறுத்திவிட்டாள்,
ஸ்வெட்டர் திரும்பி வந்துவிட்டது.
அறுபது. அறுபது. அறுபது.
பார்ப்பவர் ஒன்பது.

கலம் இறங்குகிறது.
கால் தொடுகிறது, பார்க்கிறேன்,
தூசி முழுசாய் எழுந்து முழுசாய் விழுகிறது.
பக்கவாட்டில் ஒரு குலுக்கல்.

‘மறுபடியுமா?’ என்கிறாள் ஈரக் கையுறை.

இல்லை.
குளிருக்குக் கம்பளி உறை போட்டிருக்கிறேன்.
அது ஃப்ரேம் இல்லை,
என் கை.