பத்தொன்பது நிமிடம்

பயிற்சியாளர் வாஸ் ஊரைவிட்டுப் போன இரவு
பனி பெய்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
அயோவாவில் மார்ச் கடைசியிலும் பெய்யும், அவ்வளவுதான்.
காதும் காதும் வைத்தாற்போல் கிளம்பியவர்
குப்பைத் தொட்டியை மட்டும் மறக்காமல்
தெருவோரம் இழுத்து வைத்திருந்தார்.
மறுநாள் வியாழன், குப்பை வண்டி வரும் நாள்.

என் கடையில் மூன்று நாற்காலிகள்.
ஒன்றில் நான் முடி வெட்டுகிறேன்,
மற்ற இரண்டில் ஊர் உட்கார்ந்து பேசுகிறது.
"எட்டு வருஷம் நம்ம கூட உட்கார்ந்து சாப்பிட்டவன்"
என்றார் ஆர்வில் ஸ்டட்ஸ்.
"நாலு மடங்கு சம்பளம்னா நீயும் போவ" என்றாள் மார்லிஸ்.
"போவேன். சொல்லிட்டுப் போவேன்."

பிறகு பையன்கள்.
முதலில் ஜேரக், பதினோராம் எண்,
ஆட்டத்துக்கு இருபது புள்ளி.
அடுத்து ஃப்ரீல் இரட்டையர்.
ஒருவன் போனால் மற்றவன் எதற்கு இருப்பான்.
லித்துவேனியாவிலிருந்து வந்த நெட்டையன் வைட்டேனிஸ்,
என் கதவு நிலையில் மூன்று முறை நெற்றியை இடித்துக்கொண்டு
மூன்று முறையும் நிலையிடம் மன்னிப்புக் கேட்டவன்.
பதினோரு நாளில் ஏழு பேர்.
எல்லாருடைய அறிவிப்பிலும் முதலில் கடவுளுக்கு நன்றி,
பிறகு அம்மாவுக்கு, பிறகு ஊருக்கு.
ஒருவன் ஊரின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான்.

தானியக் கிடங்குக்குப் பின்னால்
ஜேரக்கின் சட்டையைக் கொளுத்தினார்கள்.
அது எரியவில்லை, உருகியது.
தார்த்தரையில் நீலமாய் ஒட்டிக்கொண்டது.
இப்போதும் இருக்கிறது,
மழை பெய்தால் பளபளக்கும்.

புதன்கிழமை மார்லிஸ் தன் மகனை இழுத்து வந்தாள்.
ஜனவரியில் நான்தான் அவன் காதுக்கு மேல்
பதினொன்று என்று மழித்துவிட்டிருந்தேன்.
இரண்டு மாதத்தில் மூன்று முறை புதுப்பித்தும் இருந்தேன்.
"மொத்தத்தையும் எடுத்திருங்க."
பையன் இரண்டு கையாலும் எண்ணைப் பொத்திக்கொண்டான்.
"அவன் அங்கயும் பதினொண்ணுதான் போடுவான்" என்றான்.
மார்லிஸ் என்னைப் பார்த்தாள்.
நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

ஜேரக் வந்தது சனி இரவு, கடை மூடும் நேரம்.
முப்பத்தாறு டாலர் பாக்கி வைத்திருந்தான்.
கல்லாவருகே எண்ணி வைத்தான், சில்லறையோடு.
மூலை நாற்காலியில் ஸ்டட்ஸ்.
முந்தின நாள்தான் வானொலிக்குத் தொலைபேசி போட்டு
இந்தப் பையனுக்கு உப்பின் அருமை தெரியாது என்று
நாலு நிமிடம் கத்தியவர்.
சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.
ஜேரக் கதவைத் திறந்தபோது
"ஏய்" என்றார்,
நடுவரைத் திட்டும் அதே குரலில்.
"உன் வண்டி புகையுது. நெடுஞ்சாலை ஏறும் முன்னாடி எண்ணெய் மாத்து.
டெக்சஸ் வரைக்கும் தாங்காது அது."
"சரிங்க, ஐயா" என்று போனான்.
ஸ்டட்ஸ் அன்று அரைமணி நேரம்
தொப்பியைக் கழற்றவுமில்லை, போடவுமில்லை,
கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மிஞ்சியவன் டோபின்.
நெப்ராஸ்கா விவசாயி மகன், பெஞ்சின் கடைசி ஆள்.
சீசன் முழுக்க அவன் ஆடியது பத்தொன்பது நிமிடம்,
எல்லாமே வெற்றி தோல்வி முடிவான பிறகு.
ஜூன் மாதம் சுவரொட்டி வந்தது.
அவன் முகம் மட்டும்,
தோளில் புதிய பயிற்சியாளரின் கை.
வங்கி வாசலில், மருந்துக்கடையில், என் கண்ணாடியிலும்.
போன வருஷம் அவன் பெயரே தெரியாதவர்கள்
இப்போது அவன் முடிவெட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள்.
"நீ ஒருத்தன்தான்டா மனுஷன்" என்கிறார்கள்.
அவன் காது சிவந்துபோகும்.

நேற்று வந்தான்.
இரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தன,
நாலு பேர் சுவரோடு நின்றார்கள்.
எல்லார் வாயிலும் ஒரே கேள்வி, யாரும் கேட்கவில்லை.
பிடரியில் கத்தி வைத்திருந்த நானும் கேட்கவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்து
அவன்தான் மெல்லச் சொன்னான்:

"கொஞ்சம் ஒட்ட வெட்டுங்க.
ரெண்டு மாசம் தாங்கணும்."