ஒட்டுக்கறை

வாஷ்பேசினில் வெள்ளம் இறங்கவில்லை.
இறங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது,
ரேஷன்கடை வரிசைபோல நகர்ந்தது.
காலையில் நான் துப்பிய நுரை
அபிஷா பல் தேய்க்க வரும்போதும்
அங்கேயே நிற்கும்.

மூன்று வாரம் அவள் முடியைத்தான் சொன்னேன்.
"இடுப்புவரைக்கும் வளத்து வச்சிருக்க,
முற்றத்தில போயி சீவினா என்ன?"
"என் முடி இல்லம்மோ."
"பின்ன ஆருக்க முடி? உங்கப்பாவுக்கா?"
அவருக்கு முன்னந்தலை போய் எட்டு வருஷம்.

மரியதாசனுக்கு நாலு தடவை போன் போட்டாச்சு.
"நாளைக்கு வாறேன் அக்கா."
பொன்மனைக்கு அவன் ஒருவன்தான் பிளம்பர்.
அவனிடம் நாளைகள் நிறைய இருந்தன.

சனிக்கிழமை அபிஷா போனில் பார்த்துச் சொன்னாள்:
ஆப்பச்சோடா ஒரு கைப்பிடி, மேலே வினிகர்,
அரை மணிக்கூர் மூடி வைக்கணும்.
ஊறுகாய்க்கு வாங்கிய பாட்டிலை
அப்படியே கவிழ்த்தேன்.
உஸ்ஸென்று பொங்கியது.
அபிஷா கை தட்டினாள்.
பொங்கினது அடங்கியது.
அதன்பிறகு ஒரு சொட்டும் போகவில்லை.
முன்னாலாவது நகர்ந்தது, சவம்,
இப்போது குளமாகக் கிடந்தது.

குனிந்து முகர்ந்தபோதுதான் எங்கோ இடித்தது.
இந்தப் புளித்த வாடையை எனக்குத் தெரியும்.
ஷீட் அடிக்கிற கொட்டகையில்
தட்டத்துப் பாலில் அவர் அளந்து விடுவாரே
அந்த ஆசிட்டின் தங்கச்சி.
ஆசிட் விட்டால் ரப்பர் பால் என்ன செய்யும்?
எங்கள் ஊரில் இது பூனைக்கும் தெரியும்.

வாளியை அடியில் வைத்தேன்.
வளைவுக் குழாயின் திருகு
ஈரத்துணி சுற்றித் திருகியதும் அசைந்தது.
மடியில் ஒரு பாட்டம் கறுப்பு வெள்ளம்.
விரலை உள்ளே விட்டு இழுத்தேன்.
வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
குழாய்க்குள் எத்தனை இடமோ
அத்தனையும் வெள்ளை ரப்பர்.
வளைவு மாறாமல், அச்சாக, ஒரு 'ப'.
பாலின் முதலெழுத்து
குளிமுறித் தரையில் விழுந்து
கொஞ்சநேரம் ஆடிக்கொண்டு கிடந்தது.

உள்ளே பேஸ்ட் மூடி ஒன்று.
சீப்பின் இரண்டு பல்.
அபிஷாவின் முடி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
மற்றதெல்லாம் நரை.
இந்த வீட்டில் நரை எனக்குத்தான்.

ஜஸ்டஸ் வந்து பார்த்தார்.
தலைவிளக்கைக்கூடக் கழற்றாமல் பார்த்தார்.
"மழையில முற்றத்துக் குழாய்ப்பக்கம் வழுக்கிச்சு.
ரெண்டு மூணு நாள் வாளிய இதுல அலம்பினேன்."
"ரெண்டு மூணு நாளா?"
"ஓர்மை இல்ல."
மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
ஆனியும் ஆடியும் வெட்டியவர்.
சண்டை பிடிக்க வாயெடுத்தேன்.
உள்ளே வந்து மனுசனைப்போலக் கையைக் கழுவும் என்று
கடன் வாங்கி இந்த வாஷ்பேசினை மாட்டியது
நான்தானே.

அவர் 'ப'வைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.
"கால்கிலோ வரும்."
முடியைக் கண்டால் கடைக்காரன் விலையைக் குறைப்பான் என்று
பிளேடால் பைய அறுத்து நீக்கி
ஒட்டுக்கறைச் சாக்கில் போட்டார்.

இப்போது சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்
ஒரு சிரட்டை வைத்திருக்கிறேன்,
மரத்தில் கட்டுகிறதே, அதேதான்.
கழுவுவதற்கு முன் விரல்களை உரித்து அதில் போடுகிறார்.
மத்தியானம் எடுத்துப் பார்த்தால்
மெல்லிய தோல்கள்,
ஒவ்வொன்றிலும் ரேகை.
ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கட்டைவிரலில் கத்தி போன தழும்பு
அதிலும் இருந்தது.

அபிஷாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
தினமும் காலையில்
முடியை முழுக்க அவிழ்த்துப் போட்டுக்கொண்டு
வாஷ்பேசினில் குனிந்து
நெடுநேரம் முகம் கழுவுகிறாள்.
குழாய் மடக்மடக்கென்று குடிக்கிறது.
அடுக்களைவரைக்கும் கேட்கிறது.