தொடாத மூன்று முறை

கண்ணை மூடச் சொன்னார் டாக்டர் ஓவாரோ.
தொட்டதும் "ஆமாம்" சொன்னால் போதும்.
தூண்டில் நரம்பைப் போல ஒரு நைலான் துண்டு
என் உள்ளங்காலில் எங்கோ குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

மின்விசிறி கேட்டது.
வெளியே ஒருத்தி குழந்தையைக் கிரெயோலில் அதட்டியது கேட்டது.
புவா-ரூஷ் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள்
வளைவில் கியர் மாற்றுவதும் கேட்டது.
காலில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆமாம்" என்றேன்.
சற்றுப் பொறுத்து, இன்னொரு "ஆமாம்".

கண் திறந்தபோது காகிதத்தில் இரண்டு பாதங்கள்,
அவற்றில் பத்து வட்டங்கள்.
மூன்றில் மட்டும் மை.
"ஆறு முறை ஆமாம் சொன்னீர்கள், மொசியே மினாட்சி.
அதில் மூன்று முறை
என் கை மேசைமேல் இருந்தது."

நான் வந்தது இதற்கில்லை.
தீமிதி வருகிறது, பதினெட்டு நாள் விரதம்,
மாத்திரையை எப்போது போடுவதென்று கேட்கவந்தேன்.
இருபத்திரண்டு வருடம் மிதித்த கால்.
போன இரண்டு வருடமும் நெருப்பு சுடவே இல்லை.
பாஞ்சாலி மனமிரங்கிவிட்டாள் என்று
சேந்த் ஆந்த்ரே முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.
அந்த இரண்டு வருடத்தை
இனி யார் கணக்கில் எழுதுவது?

போகாதே என்பார்,
வீம்புக்காவது போய்விடலாம் என்று
பதிலைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
அவரோ நாற்காலியை என் பக்கம் இழுத்து
"எதற்காக நேர்ந்துகொண்டீர்கள்?" என்றார்.

பன்னிரண்டு வருடமாக இந்த அறையில்
எண்ணைத் தவிர வேறெதையும் நான் பதிலாகச் சொன்னதில்லை.
மகளைச் சொன்னேன்.
குறைமாதத்தில் பிறந்த சோலான்ழ்,
சேன் தெனியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள்,
என் கட்டைவிரல் அளவே இருந்த அவள் பாதம்.
இப்போது பேருந்து ஓட்டுகிறாள்,
என்னைவிட வேகமாக.

மருந்துச்சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார்.
விரதம் சரி.
காலை மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டோடு.
தினம் விரலைக் குத்திப் பார்ப்பது.
புள்ளி ஏழுக்குக் கீழே இறங்கினால் ஏதாவது குடிப்பது.
"பழச்சாறு?" "விரதத்தில் ஆகாது."
"பால்?" "ஆகும்." "பால் மெதுவாகத்தான் ஏறும்."
"தேன்?"
"தேன்," என்றேன், "அம்மனுக்கே வைப்பது."
தேன் என்று எழுதினார், எத்தனை கரண்டி என்றும்.

நெருப்புக்கு வந்ததும் பேனா நின்றது.
"நானாக இருந்தால் மிதிக்கமாட்டேன், பயம்.
ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் நின்றது நானில்லை.
புண் வந்தாலும் உங்களுக்கு வலிக்காது,
அதுதான் எனக்குக் கவலை."
பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார்.

இடது கால்தான் கிளட்ச் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்தது அவ்வளவுதான், பக்தியாய் ஒன்றுமில்லை.
குழிவரை போவேன், இறங்கமாட்டேன் என்று எழுதினேன்,
என் கோணல் எழுத்தில்.
அதன் கீழே: எனக்குப் பதில் சோலான்ழ் மிதிப்பாள்.

அவர் படித்தார்.
"அவளைக் கேட்டீர்களா?"

மின்விசிறி மறுபடி கேட்டது.
மிதிப்பாள் என்பதை அடித்துவிட்டு
மிதிப்பாளா என்று மாற்றினேன்.
பூசாரியையும் கேட்கவேண்டும்.
வியாழக்கிழமை மூன்று மணிக்குத் திரும்ப வரவேண்டும்,
வேண்டுமானால் அவளையும் கூட்டிக்கொண்டு.

லாரிப் படியில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
காலையிலிருந்து வயலில் நின்ற செருப்பு.
ஒன்றும் விழவில்லை.
நம்பாமல்
உள்ளே கையை விட்டுத் தடவினேன்,
குதிகாலிலிருந்து
விரல் நுனிவரை.