கடைமடைக் கணக்கு

தலைஞாயிறு தாண்டி, அடப்பாற்றின் கடைசி ரெகுலேட்டரில்
விடியற்காலை ஐந்து மணிக்குத்
தண்ணீர் ஒரு முழம் குறைந்திருப்பதாக
லஸ்கர் வைரக்கண்ணு எழுதியிருந்தார்.
எல்லா நாளும் இல்லை. சில நாள்.

ரிஜிஸ்டரின் பின்னட்டையில் பட்டியல் போட்டேன்.
ராத்திரியில் எவனோ மோட்டார் வைத்து இறைக்கிறான், ஐம்பது.
மேலே ஷட்டரை இறக்குகிறார்கள், முப்பது.
கரையில் கசிவு, பதினைந்து.
வைரக்கண்ணு பார்க்காமலே எழுதுகிறார், ஐந்து.
கூட்டினால் நூறு.
நூறு வந்துவிட்டால் ஒரு நிம்மதி,
உலகம் முழுக்கப் பின்னட்டைக்குள் வந்துவிட்ட மாதிரி.

அமாவாசையன்று குறைந்தது.
இருட்டு. திருடனுக்கு எழுபது கொடுத்தேன்.
பௌர்ணமியன்றும் குறைந்தது.
நிலா இருக்க டார்ச்சு எதற்கு என்று
எண்பத்தைந்து.
கரையை நடந்தே பார்த்தாயிற்று, கசிவில்லை.
ஷட்டர் சாவி என் மேசையில்தான்.
அங்கெல்லாம் வடிந்த எண்கள்
திருடன் மடைக்கே போய்ச் சேர்ந்தன.
வேறெங்கே போகும்?
வேறு மடை நான் வெட்டவில்லை.

மாசிலாமணியின் மோட்டாருக்குச் சீல் வைத்தோம்.
அவர் சண்டை போடவில்லை.
"நாத்து எட்டு நாள் தாங்கும்" என்றார்.
சண்டை போடாததையும் கணக்கில் ஏற்றினேன்.
ஏழு நாள் தண்ணீர் குறையவே இல்லை.
தொண்ணூற்றொன்பது.

ஒன்பதாம் நாள்
ஸ்கூட்டர் சறுக்கிச் சேற்றில் விழுந்து
முகம் கழுவ ஆற்றில் இறங்கினேன்.
உதட்டில் உப்பு.
வேர்வை என்று மறுபடி கழுவினேன்.
மறுபடி உப்பு.

நான்காம் கண் ஷட்டரின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்து
அந்த ஓட்டை வழியாகக் கடல்
வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது.
நிலாவைத்தான்
டார்ச்சு என்று எழுதி வைத்திருந்தேன்.

கடலுக்கு நான் குறைவாகப் போடவில்லை.
போடவே இல்லை.
இல்லாத வரியை
எத்தனை அமாவாசையால் பெருக்கினால் என்ன.

இப்போதெல்லாம் பட்டியலின் அடியில்
'மற்றவை' என்று ஒரு வரி.
மூன்று போடுவதா, பத்தா, தெரியவில்லை.
அதைவிடச் சங்கடம்,
நாளைக் காலை எத்தனை அடி என்று கேட்டால்
அது வாய் திறப்பதில்லை.
பந்தியில் யார் வீட்டு ஆள் என்று தெரியாதவர் போல
இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சீலை உடைக்கப் போனபோது
நாற்றில் பாதி பழுத்திருந்தது.
"இப்ப யார் மேல சந்தேகம்?" என்றார் மாசிலாமணி.
கேஜைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.
வற்றம்.
பூஜ்ஜியக் கோட்டில்
ஒரு நண்டு ஏறிக்கொண்டிருந்தது.